சுயம்புக்கனி வீட்டுக்கு வந்துபோன தீ

மழையென்று ஒன்று உண்டு என்பதையே தேரி மறந்துபோன வருசத்தில், மாசி பிறந்ததிலிருந்து தீ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தேரி என்பது எங்கள் பக்கத்துச் செம்மணல் பாலை. கடலுக்கும் ஊர்களுக்கும் நடுவே காற்று அள்ளிக் கொட்டிய சிவப்பு மேடுகள், அவற்றின் மேல் பனையும் உடைமரமும் கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரியும், அவ்வளவுதான். மணலில் தீ நடக்காது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். ஆனால் அந்த வருசம் ஓலை சருகாகி, சருகு பொடியாகி, அந்தப் பொடியும் காற்றில் ஏறி மரத்துக்கு மரம் தோரணம் கட்டிவிட்டதால், தீ மணலில் கால் வைக்காமலே தாவித் தாவி, ஆனைமேட்டில் ஒரு கொல்லாந்தோப்பைத் தின்று, மஞ்சவிளையில் வைக்கோல் படப்புகளைத் தின்று, வழியில் இருந்தவர்களையெல்லாம் கடல் பக்கமாக விரட்டிவிட்டு, பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில் எங்கள் சிவந்தவிளையின் வடக்கு எல்லைக்கு வந்து, அங்கே முதல் வீடாக இருந்த சுயம்புக்கனி வீட்டுப் படலுக்கு வெளியே நின்றது.

அந்த வீட்டில் அவளும் அவளுடைய அப்பா வெள்ளைக்கண்ணுவும் மட்டும்தான். வீட்டை ஒட்டி அவர்களுடைய விளை. வெள்ளைக்கண்ணு ஏறுகிற பனைகள் ஓரமாகவும், சுயம்புக்கனி கன்றிலிருந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த கொல்லாமரங்கள் நடுவிலுமாக, தேரியின் ஓரத்தில் பச்சைத் துணியை உலரப் போட்டதுபோல அது கிடந்தது. அதுதான் அவர்களுக்குச் சோறு. அது இல்லையென்றால் மதுரைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் பொட்டலம் மடிக்கப் போகவேண்டியதுதான் என்று வெள்ளைக்கண்ணு மாமா அடிக்கடி சொல்வார். எனக்குத் தூரத்து முறையில் அவர் மாமா.

தீ வந்து நின்ற நேரத்தில் சுயம்புக்கனி விடிலியில் இருந்தாள். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிற ஓலைக் குடிசையை நாங்கள் விடிலி என்போம். உள்ளே ஆவியும் புகையும். கண்ணைத் திறக்க முடியாமல் அவள் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். படலுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது, யாரென்று தெரியவில்லை. எங்கள் ஊரில் வந்தவர் யாரென்று பார்த்துவிட்டுக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. கூப்பிட்டுவிட்டுத்தான் பார்ப்போம்.

"வாங்க, வாங்க. வெயில்ல நிக்கியள, உள்ள வந்து இருங்க" என்றாள்.

தீ உள்ளே வந்தது. படலில் ஓர் ஓலையைக்கூடக் கருக்காமல், ஒருக்களித்து, விருந்தாளி வருகிறதுபோலவே வந்து மணலில் உட்கார்ந்தது.

"பதநீ குடிக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே, அவள் ஓலைப் பட்டையில் ஊற்றி, புகைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட தீ, 'ஸ்ஸ்' என்று ஒரே உறிஞ்சலில் பதநீரையும் குடித்துப் பட்டையையும் தின்றுவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் அவள் பார்த்தாள். அலறியிருக்கலாம். ஆனால் வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்தவரைப் பார்த்து எப்படி அலறுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதைப் பின்னாளில் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள், சொல்லும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இப்போது சொல்ல அவள் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தீ எழுந்தது. வீட்டை ஒன்றும் செய்யவில்லை, விளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது படலைத் தாண்டும்போது அவள் வாய் தன் பழக்கத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்க."

கிளம்புகிறவரிடம் 'போ' என்று மொட்டையாகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு வராது. கடன் கேட்டு வந்தவன், பெண் பார்க்க வந்து பிடிக்காமல் போனவன், ஆடு திருடி அகப்பட்டவன் என்று யாராக இருந்தாலும் போயிட்டு வா என்றுதான் சொல்வோம். அந்த வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு சண்டையில் வெள்ளைக்கண்ணு மாமா தன் பெண்சாதியிடம் பாதிச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டார். சொன்னபடியே போன அத்தை கயத்தாற்றுப் பக்கம் இட்லிக்கடை வைத்து நன்றாக இருந்தாள், ஆனால் மீதிச் சொல் அவளுக்குச் சொல்லப்படவில்லை என்பதால் வரவில்லை. அதனால் சுயம்புக்கனி கோழியை விரட்டினால்கூட முழுச் சொல்லாகத்தான் விரட்டுவாள்.

சொன்ன சொல்லைத் தீயும் தட்டவில்லை. போனது. மறுநாள் மத்தியானம் வந்தது.

மறுநாள் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, பங்குனி முழுக்க வந்தது. காலையில் எங்கெங்கோ போய் யார் யாருடைய தோப்பிலோ அட்டகாசம் செய்துவிட்டு, மத்தியானம் உலை கொதிக்கிற நேரத்துக்குச் சரியாகச் சிவந்தவிளைக்கு வந்து, சுயம்புக்கனி வீட்டு முற்றத்தில் அடக்கமாக உட்கார்ந்து, அவள் போட்ட சருகையும் மட்டையையும் தின்று, ஒரு பட்டை பதநீர் குடித்துவிட்டுப் போகும். முதல் இரண்டு தடவை ஊரே பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஓடிய களைப்பில் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு, ஓடுவதைவிடப் பக்கத்தில் போய் உட்காருவது நல்லது என்று கண்டுகொண்டது.

முதலில் பக்கத்தில் போனது டீக்கடை லிங்கதுரை அண்ணாச்சி. ஒரு கெட்டிலை நீளக் கம்பியில் கட்டி நீட்டினார். தண்ணீர் சட்டென்று கொதித்தது. "வெறகு மிச்சம்வே" என்று சொல்லிவிட்டுத் தன் பெஞ்சையும் கிளாசுகளையும் தூக்கிக்கொண்டுவந்து அந்த முற்றத்திலேயே கடையைப் போட்டுவிட்டார். அடுத்து நெல் அவிக்கிறவர்கள் வந்தார்கள், துணி தேய்க்கிறவர் இஸ்திரிப் பெட்டியோடு வந்தார், பத்து வீட்டுப் பதநீர்த் தாழிகள் வந்தன. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து காட்டிவிட்டு, கிட்டே போகக்கூடாது என்று சொல்லித் தானே கிட்டே போய் மீசையைக் கருக்கிக்கொண்டார். தீ உட்கார்ந்து எழுந்த இடத்தில் மணல் உருகிச் சிவப்புக் கண்ணாடித் தட்டமாகக் கிடக்கும். பெண்கள் அதை எடுத்துப்போய்க் கருவாடு உலர்த்தினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் தங்கபுஷ்பம் மயினிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவள் சுயம்புக்கனிக்கு அடுத்த வீடு, அண்ணி முறை.

"ஏட்டி, கொமரு இருக்க வீட்டுக்குத் தெனமும் ஒரு ஆளு வந்து உக்காந்துட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊருன்னா யாரு மயினி?"

"நாந்தான்."

"அது ஆளு இல்ல மயினி, தீ."

"தீன்னா? சாப்பாட்டு நேரம் பாத்து வருது, ஒரு வேலையும் செய்யாம உக்காந்துருக்கு, தின்னது போதாதுன்னு மொறைக்குது. அப்ப ஆம்பளதான."

அன்றிலிருந்து தீ ஆம்பளையாகிவிட்டது. அது என்பதை விட்டுவிட்டு அவுக என்று பெண்களும், மருமவன் என்று ஆண்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். "மருமவன் வாராரு, தாழியத் தூக்குங்கட்டி" என்ற சத்தம் கேட்டால் மணி பன்னிரண்டு என்று அர்த்தம்.

நான் அப்போது தண்ணி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். தெற்கே ஊற்றுக்கிணற்றிலிருந்து பீப்பாயில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றுகிற மாட்டு வண்டி. ஊர்க் கடைசி என்பதால் சுயம்புக்கனி வீட்டுக்கு நான் போகும்போதும் மத்தியானம் ஆகிவிடும். வண்டி படலுக்குள் நுழைந்தால் தீ கொஞ்சம் ஒதுங்கி உட்காரும், நான் போகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நானும் அதைப் பார்ப்பேன். லிங்கதுரை அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "ரெண்டு மாப்பிள்ளையும் வந்தாச்சுவே" என்பார். முற்றம் முழுக்கச் சிரிக்கும். நான் குடத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு வண்டியைத் திருப்புவேன். எனக்கு அப்போது பேச்சு அவ்வளவாக வராது.

தீயணைப்பு வண்டி ஒருநாள் வந்தது. அச்சுவரை மணலில் புதைந்ததால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதன் அதிகாரி தொப்பியோடு நடந்து வந்து சேர்ந்தார். கன்னியாகுமரிக்காரர், நல்ல மனுசர். முற்றத்தில் நின்று தீயைப் பார்த்து, "போ" என்று மூன்று தடவை உரக்கச் சொன்னார். எங்கள் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தீ, இவர் யார் என்று கேட்கிறதுபோலச் சுயம்புக்கனியைத் திரும்பிப் பார்த்தது.

"கூப்பிட்டவுக சொன்னாத்தான் போவும் போல" என்றார் அதிகாரி. பிறகு அவரும் தீயும் எதிரெதிரே உட்கார்ந்து பதநீர் குடித்தார்கள். "இந்த மாதிரி ஒண்ண ட்ரெயினிங்ல எங்களுக்குச் சொல்லித் தரல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். போயிட்டு வாங்க என்று அவரையும் சுயம்புக்கனி வழியனுப்பினாள்.

சித்திரை கழியும்போது தொல்லை தொடங்கியது. வந்தவருக்குப் போடச் சருகு இல்லை. ஊரில் இருந்த காய்ந்த ஓலை, பாளை, கோரைப்பாய், உடைந்த கட்டில், போன தேர்தலுக்குக் கட்டிய பந்தல் எல்லாம் தீர்ந்துவிட்டன. சிவந்தவிளையைச் சுற்றித் தேரி பெருக்கி மெழுகியதுபோல ஆகிவிட்டது. தீ மெலிந்தது. நிறம் வெளுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டு, வேலி ஓலையை ஓரக்கண்ணால் பார்த்தது. ஒருநாள் நாக்கை நீட்டித் தங்கபுஷ்பம் மயினியின் கூரை நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் இல்லை என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊர்த்தலைவர் சிவனணைஞ்சபெருமாள் பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ளவர். அவர் சொன்ன யோசனைப்படி ஊர் முழுக்க ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் இல்லாததுபோல இருந்தோம். தீ வந்தது. படலுக்கு வெளியே மரியாதையாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வீட்டுக்குள்ளே பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்திக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்கிற நேரம்வரை அது நகரவில்லை, நாங்களும் மூச்சு விடவில்லை. அப்போது லிங்கதுரை அண்ணாச்சி தும்மினார். அந்தத் தும்மலுக்குத் தீ முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்த சுயம்புக்கனி, அதற்கு மேல் தாங்கமாட்டாமல், "பாவம், நின்னுட்டே இருக்காவ" என்று படலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒரு பீப்பா தண்ணிய மொத்தமா அவரு தலையில ஊத்திரு. முடிஞ்சுது சோலி."

வண்டியை முற்றத்தில் நிறுத்தினேன். குடத்தை நிரப்பித் தூக்கினேன். தீ என்னைப் பார்த்தது, ஓடவில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று தனக்கு முன்பே தெரியும் என்கிறதுபோல உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விடிலியிலிருந்து சுயம்புக்கனி வந்து நடுவில் நின்றாள்.

"வீட்டுக்கு வந்தவுக தலையில ஊத்தவா நீங்க தண்ணி வண்டி ஓட்டுதிய?"

நான் குடத்தை இறக்கி வைத்தேன். அந்தத் தண்ணீரை அவளுடைய கொல்லாமரங்களுக்கு ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். தலைவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு ஊர்க்கூட்டம் நடந்தது. எல்லோரும் வருத்தத்தோடுதான் பேசினார்கள், ஆனாலும் முடிவு ஒன்றாகத்தான் இருந்தது. கூப்பிட்டவள் அவள், திரும்பவும் வரச் சொன்னவள் அவள், ஆகவே சாப்பாடு போடவேண்டியதும் அவள்தான். இல்லையென்றால் ஊர்க் கூரைகள் போய்விடும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு மரமாக அவர்களுடைய விளையிலிருந்து வெட்டிப் போடுவது. போ என்று சொல்ல அவளுக்கு வாய் வருகிற நாளில் நிறுத்திக்கொள்ளலாம்.

"ஒரு சொல்லுதான தாயி" என்றார் தலைவர் தன் சின்னக் குரலில். "கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிரு."

"நீங்க சொல்லுவியளா மாமா?"

தலைவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். "நான் எப்படிம்மா" என்றார்.

வடக்கு மூலையில் நின்ற பனையை முதலில் வெட்டினார்கள். தீ அதைத் தின்று ஆளுயரத்துக்கு எழுந்து, சந்தோசத்தில் ஒரு சுற்றுச் சுற்றியதில் லிங்கதுரை அண்ணாச்சியின் கிளாசுகள் எல்லாம் வெடித்தன. மறுநாள் இன்னொரு பனை. அதற்கு மறுநாள் கொல்லாமரங்களில் கைவைத்தார்கள். வெள்ளைக்கண்ணு மாமா ஒவ்வொரு மரமாகப் போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார், வெட்ட வந்தவர்கள் அருவாளைக் கீழே போட்டுவிட்டு அவர் நகருகிறவரை பீடி பிடிப்பார்கள். பச்சைத் துணி நாளுக்கு நாள் ஓரம் கிழிந்துகொண்டே வந்தது. மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது, பொட்டலம் மடிக்க இரண்டு பேர் வரலாம் என்று. மாமா தன் ஏணியையும் பாளை அருவாளையும் துடைத்துச் சாக்கில் கட்டி வைத்தார். நான் அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றும்போது குடம் நிறைந்தது தெரியாமல் ஊற்றிக்கொண்டே நின்றேன். "தரையில போவுது" என்றாள் சுயம்புக்கனி. ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

வைகாசியில் ஒருநாள், அவள் கையால் முதலில் நட்ட கொல்லாமரத்தை வெட்டிப் போட்டார்கள். அந்த வருசம் அந்த மரம் மட்டும்தான் பழுத்திருந்தது. தீ பழங்களை ஒவ்வொன்றாக ருசித்துத் தின்றது. ஊரே வேலிக்கு வெளியே நின்றிருந்தது, இன்றைக்கு அவள் சொல்லிவிடுவாள் என்று. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. தீ எழுந்தது. படலுக்கு வந்தது. அவளும் பின்னாலேயே வந்தாள். தொண்டைக்குள் அந்தச் சொல் வந்து நிற்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"எப்பம் பாத்தாலும் தனியாவே வாரிய" என்றாள் சுயம்புக்கனி. "அடுத்த தடவ வீட்ல உள்ளவுகளையும் கூட்டிட்டு வாங்க."

தீ நின்றது. யாரும் அதனிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. திரும்பி அவளை நெடுநேரம் பார்த்தது. பிறகு ஒரு நாளும் இல்லாத வேகத்தில் மேற்கே மலைப் பக்கமாக ஓடியது.

ஊர் ஒரே நேரத்தில் தலையில் கைவைத்தது.

"அடிப்பாவி! ஒத்த ஆளுக்குச் சோறு போட முடியாம விளை போவுது, குடும்பத்தையே கூப்பிடுதா!" என்று கத்தினாள் தங்கபுஷ்பம் மயினி.

"வாயில வந்துட்டு மயினி. எல்லாத்துட்டயும் சொல்லுறதுதான."

"பொண்டாட்டி வந்தா புள்ளைக வரும். புள்ளைக வந்தா மாமியாக்காரி வருவா. அவளுக்கு என்னத்தப் போட? எம் நெல்லுப் பத்தாயத்தையா?"

அன்று சாயந்திரமே பாதி ஊர் மூட்டை கட்டியது. கூரை ஓலைகளைப் பிரித்துக் குழியில் புதைத்தார்கள். லிங்கதுரை அண்ணாச்சி பெஞ்சைக் கிணற்றுக்குள் இறக்கினார். தலைவர் தன் பெரிய உடம்போடு வேலியோரமாக உலாத்திக்கொண்டே, தீக்கு எத்தனை கொழுந்தியாள் இருக்கும் என்று எல்லோரிடமும் கேட்டார். சுயம்புக்கனி விடிலிப் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, வருகிறவர்களுக்கு ஆலத்தி எடுக்க மஞ்சள் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டாள்.

மறுநாள் தீ வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மத்தியானம் உலை வைத்தவர்கள் விறகு தேடி அலைந்தார்கள். மணி பன்னிரண்டு என்று சொல்ல ஆள் இல்லாததால் பள்ளிக்கூடம் நேரம் தெரியாமல் நடந்தது. பக்கத்து ஊர்களிலும் தீயைக் காணவில்லை என்று சேதி வந்தது. "கோவிச்சுக்கிட்டாரோ" என்று தங்கபுஷ்பம் மயினியே கேட்டாள். ஆனி பிறந்தது. ஆனியில் எங்கள் தேரியில் காற்றும் மணலும்தான் பறக்கும், அந்த மாதத்தில் வேறு எதையும் அங்கே யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஆனியில், மத்தியானம், மேற்கே மேட்டின் மேல் தீ தெரிந்தது. முன்னைப்போல ஆட்டமும் பாட்டமும் இல்லை. குளித்துத் தலைவாரியதுபோல, ஒரு முழ உயரத்துக்கு அடங்கி, மணலில் கால் பார்த்துப் பார்த்து நடந்து வந்தது. அதற்கு இரண்டடி பின்னால், கருநீலத்தில், தரையைக் கூட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்தபடி, அதட்டிக்கொண்டே ஒருத்தி வந்தாள்.

மழை.

"ஏ யாத்தே" என்றார் தலைவர், "இவுகளா வீட்டுக்காரவுக!"

அவள் நடந்த நடையைச் சொல்லவேண்டும். புருசன் வீடு முழுக்கப் போட்டுவைத்திருக்கிற சாமானையெல்லாம் முனகிக்கொண்டே எடுத்துவைக்கிற பெண்சாதி மாதிரி, ஆனைமேட்டில் புகைந்துகொண்டிருந்ததை அணைத்து, மஞ்சவிளையில் கனன்றுகொண்டிருந்ததை அணைத்து, இடதுபக்கம் ஒரு தோப்பைக் கழுவி, வலதுபக்கம் ஒரு கூரையைக் கழுவி, நடுநடுவே தீயைப் பார்த்து உறுமி, இப்படியே தேரி முழுக்க ஒழுங்கு பண்ணிக்கொண்டு வந்தாள். தீயோ கல்யாணத்துக்குப் போன இடத்தில் நன்றாகக் குடித்துவிட்டு அகப்பட்டவனைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தது. ஆனாலும் அதன் மேல் மட்டும் ஒரு துளி விழாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

சுயம்புக்கனி ஆலத்தித் தட்டோடு படலுக்கு ஓடினாள். கற்பூரம் கொளுத்திச் சுற்றுமுன்னே மழை குனிந்து பார்த்ததில் கற்பூரம் அணைந்தது. தீ எட்டி அதைத் திரும்பக் கொளுத்திக் கொடுத்தது. மழை இன்னொரு தடவை குனிந்தாள், இன்னொரு தடவை அணைந்தது. ஊரே சிரித்தது. மேலே இடியும் சிரித்தது.

"வாங்க, வாங்க. இப்பந்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் சுயம்புக்கனி.

மழை உள்ளே வந்தாள். வீட்டில் இருந்த கருப்பட்டி முழுவதையும் சுயம்புக்கனி கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். மழை அதைக் கரைத்துக் கரைத்துச் சாப்பிட்டதில் முற்றத்து மணல் எல்லாம் தித்திப்பாகிவிட்டது, பிள்ளைகள் அள்ளி அள்ளி நக்கினார்கள். தீயை நனையாமல் விடிலிக்குள் கூட்டிப்போய் அடுப்புக்குள் உட்காரவைத்தார்கள். அங்கே அது கை காலை நீட்டிக்கொண்டு, ஒரு சிரட்டைக்கு மேல் எதுவும் கேட்காமல், நிம்மதியாகத் தூங்கிவிட்டது. வெளியே பெண்டாட்டி பேசிக்கொண்டே இருந்தாள். தங்கபுஷ்பம் மயினி அவளோடு உட்கார்ந்து தொப்பலாக நனைந்து, தன் புருசனைப் பற்றியும் சேர்த்துச் சொல்லித் தீர்த்துவிட்டு வந்தாள். வெள்ளைக்கண்ணு மாமா மிச்சம் நின்ற மரங்களுக்கு நடுவே சட்டையில்லாமல் நடந்தார். வெட்டிய கொல்லாமரங்களின் அடிக்கட்டையைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்து, "வேரு இருக்கு, வேரு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

விருந்து பல நாள் நீடித்தது. ஊற்றுக்கிணறு வழிந்தது, தேரிக்கு நடுவே குளங்கள் முளைத்தன. உலராத துணியைப் பார்த்து ஊர் முணுமுணுக்க ஆரம்பித்தபோது, மழை தானாகவே எழுந்தாள். சுயம்புக்கனி வெற்றிலை பாக்கும், ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்து, குங்குமத்தை அள்ளி அவள் மேல் தூவினாள். சிவப்பு மணலில் அந்தச் சிவப்பு கலந்து போனதை யாரும் பார்க்க முடியவில்லை. தீ அடுப்பிலிருந்து எழுந்துவந்து சோம்பல் முறித்து மனைவிக்குப் பின்னால் நின்றது. ஊரே சுயம்புக்கனியைப் பார்த்தது. அவள் வாயைத் திறக்குமுன்னே, எல்லோருக்கும் முந்திக்கொண்டு, தன் சின்னக் குரலில் தலைவர்தான் சொன்னார்.

"ரெண்டுபேருமா போயிட்டு வாங்க."

அவர்கள் மேற்கே போனார்கள். சாயந்திரம் அடிக்கட்டைகளில் ஈரம் ஏறியிருந்தது. சில நாளில் ஒவ்வொரு கட்டையிலும் செந்துளிர் கிளம்பியது. மதுரைக்கு வரவில்லை என்று மாமா சொல்லி அனுப்பினார். சாக்கைப் பிரித்து ஏணியை எடுத்தார்.

ஊர்க் கிணறுகள் எல்லாம் நிறைந்துவிட்டதால் யாருக்கும் தண்ணி வண்டி தேவைப்படவில்லை. ஆனால் என் மாட்டுக்கும் எனக்கும் அது தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் காலிப் பீப்பாயோடு வண்டி கடைசி வீட்டுக்கு முன்னால் போய் நின்றது. சுயம்புக்கனி கொல்லாத்துளிர்களைச் சுற்றிப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணிதான் ஊரெல்லாம் கெடக்கே. என்னத்தக் கொண்டுட்டு வந்திய?"

"ஒண்ணும் கொண்டு வரல்ல."

"அப்பம் எதுக்கு வந்திய?"

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். அதுவரை அந்த முற்றத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சொல்லவேண்டியதை வழியெல்லாம் மாட்டிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். மாடு கேட்டது, ஆனால் இப்போது ஒரு சொல்லும் மிச்சமில்லை.

"சும்மா உக்காரலாம்னு" என்றேன்.

அவள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். படலை முழுக்கத் திறந்தாள். பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்த வெள்ளைக்கண்ணு மாமா கீழே பேச்சுச் சத்தம் கேட்டுக் குரல் கொடுத்தார்.

"யாரும்மா அது?"

"தண்ணி வண்டிக்காரவுகப்பா."

"அவரு தெனமும் வாரவருதான?"

"இல்லப்பா" என்றாள் சுயம்புக்கனி, என்னைப் பார்த்துக்கொண்டே. "இன்னைக்குத்தான் வந்திருக்காவ."